பார்ப்பதற்காக எடுத்த கல்

தொண்டி அறைச் சாவியை முதன்முதலாக இடுப்பில் செருகிக்கொண்டு, அது ஏதோ அரண்மனைக் கஜானாவின் சாவி என்பதுபோல் நடக்கிற தம்பிகளே! நானும் அப்படித்தான் நடந்தேன், அறையைத் திறந்து பார்க்கிறவரை. உள்ளே ஓர் உடைந்த மண்வெட்டி, சாராய நாற்றம் போகாத பானை, யாரோ யார் தலையிலோ போட்ட உலக்கை. வழக்கில் கைப்பற்றின பொருளுக்குக் கோர்ட்டில் தொண்டி என்று பெயர். தீர்ப்பு வருகிறவரை அது பிடிபட்ட நிலையிலேயே இருக்கவேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் உலக்கையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். மீனை நினைத்துப் பார்க்கவில்லை.

ரிஜிஸ்தர் எழுதுவது, அரக்கு முத்திரை வைப்பது முதலானவற்றை உங்களுக்கு வேறு யாராவது கற்றுத்தருவார்கள். எனக்கே அவை கடைசிவரை சரியாக வந்ததில்லை. எனக்கு முன்னால் சாவி வைத்திருந்த பெரியவர் ஒரே ஒரு புத்திமதி சொல்லிவிட்டுப் பென்ஷனில் போனார். "உயிருள்ளதை மட்டும் வாங்காதேயும் வே. ஒரு திருட்டு ஆட்டை வாங்கினேன். வாய்தா மேல வாய்தா. ஆடு குட்டி போட்டுட்டு. குட்டி தொண்டியா, இல்லையான்னு கேட்டு மேலே எழுதினேன். பதில் வாரதுக்குள்ள குட்டியும் குட்டி போட்டுட்டு."

நான் சிரித்தேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பெரியவர்களின் புத்திமதிக்குச் சிரிப்பதுண்டு. நீங்களும் இப்போது சிரித்திருப்பீர்கள்.

கோர்ட் இருந்த ஊரைச் சொல்லப்போவதில்லை. தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலியிலிருந்து மேற்கே ரயில் போக ஆரம்பித்துச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். ஒரு தை மாதக் காலையில் காட்டிலாகாக் கார்டு சுடலை கோர்ட்டுப் படியேறி வந்தார். கையில் ஒரு பித்தளைக் குடம், தோளில் ஒரு சாக்கு. பின்னால், மடிப்புக் கலையாத கோட்டும் முழங்கால்வரை ஈரமுமாக ஓர் இளைஞர். பெயர் ஞானாபரணம். சாத்தான்குளத்துப் பக்கம், பனங்காட்டுக் குடும்பம். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இயற்கை சாஸ்திர வாத்தியார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

குடத்தில் நீர்ப்பாசியும், பாசியோடு தெரியாமல் வந்துவிட்ட ஐந்து மீன்குஞ்சுகளும் இருந்தன. சாக்கில் கூழாங்கற்கள், கொஞ்சம் மணல், ஆறு அரித்து ஒதுக்கின ஒரு மரக்கிளை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்காக ஒரு கண்ணாடித் தொட்டி செய்துவைத்திருந்தார்கள். அதற்குள் ஓர் ஆற்றையே அமைத்துக் காட்டவேண்டும் என்பது வாத்தியாரின் ஆசை. ஆறு எங்கே கிடைக்கும்? ஆற்றில்தான் கிடைக்கும் என்று நினைத்து, சனிக்கிழமை ரயிலேறி, பாபநாசத்துக்கு மேலே தெளிந்த தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்து ஆற்றில் இறங்கிவிட்டார். அந்த இடம் ரிசர்வ் காட்டுக்குள் இருப்பதாகச் சுடலை சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு எல்லாருக்கும் பொது என்று நாம் சொல்கிறோம். ஆனால் அதன் தண்ணீர் மராமத்து இலாகாவுக்கு, மணல் ரெவினியூவுக்கு, கரைமரம் காட்டிலாகாவுக்கு, படித்துறை கோவிலுக்கு, மீன் குத்தகைக்காரனுக்கு. தவளைக்கு மட்டும் நானறிந்து யாரும் உரிமை கொண்டாடவில்லை. ஆகவே பொது இடத்தில் குனிந்து எதை எடுத்தாலும், நிமிரும்போது யாராவது ஒருவர் எதிரே நிற்பார். வாத்தியாருக்கு எதிரே நின்றவர் சுடலை.

சுடலை கெட்ட மனிதர் அல்லர். சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"கல்லு எதுக்குன்னு கேட்டேன் ஐயா. பாக்கதுக்குன்னு சொன்னாரு. கல்லைப் பாக்கணும்னா ஆத்துலயே கெடக்கே, அங்கனயே உக்காந்து பாக்கலாம்லா? எதுக்குச் சாக்குல கட்டணும்? அம்மிக்குன்னு சொல்லியிருந்தா விட்டுருப்பேன். கருமாதிக்குன்னு சொல்லியிருந்தா நானே நல்ல கல்லாப் பாத்து எடுத்துக் குடுத்திருப்பேன். பாக்கதுக்கு யாராவது கல்லெடுப்பாகளா? இதுல என்னமோ இருக்குன்னு பிடிச்சுட்டேன்."

மாஜிஸ்திரேட் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மேஜையில் ஒரு தாள் கோணலாக இருந்தாலும் பொறுக்காதவர். வாத்தியாரைப் பார்த்து, "காட்டிலாகாவுக்கு அபராதம் கட்டி ராஜியாகிவிடலாமே?" என்றார்.

"கட்டினா குத்தத்தை ஒத்துக்கிட்டதா ஆயிரும் ஐயா. குத்தத்தை ஒத்துக்கிட்டவரு எங்களுக்கு வேண்டாம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாக."

விஷயம் அதோடு நிற்கவில்லை. வாத்தியாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபைக்கு வாசிக்கவேண்டிய கல்யாண ஓலையைச் சாத்தான்குளத்து வேதக்கோவிலில் ஒரு ஞாயிறு வாசித்தாயிற்று. வழக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததும் மறு ஞாயிறு வாசிப்பதைப் பெண்வீட்டார் நிறுத்திவைத்துவிட்டார்கள். அவர்கள் மாப்பிள்ளை பார்த்தது உத்தியோகத்தைப் பார்த்து. உத்தியோகம் போனால் மாப்பிள்ளை வெறும் ஞானாபரணம்தான்.

நான் அவரைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, அம்மிக்குத்தான் எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லும். சுடலையே ஆமான்னு தலையாட்டிருவான்" என்றேன்.

"இந்தக் கல்லுல அம்மி கொத்த முடியாதே அண்ணாச்சி."

"கொத்தச் சொல்லலையே, சொல்லத்தானே சொன்னேன்."

"பைபிளைத் தொட்டுல்லா சொல்லணும்" என்றார் அவர். அதோடு எனக்குத் தெரிந்த சட்ட ஞானம் தீர்ந்துவிட்டது.

வழக்கு வாய்தா போடப்பட்டது. குடத்துக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, தொண்டி எல்லாருக்கும் தெரியும்படி இருக்கவேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். பள்ளிக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியே ரயிலேறி வந்தது. வாத்தியார் அதில் மணலைப் பரப்பி, கல்லை அடுக்கி, கிளையைச் சாய்த்து, பாசியை நட்டு, கோர்ட் வராந்தாவில் ஓர் ஆற்றை நிறுத்திவிட்டார். பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்ததை வாதி பிரதிவாதிகளுக்குக் காட்டினார். வரப்புத் தகராறில் வெட்டினவனும் வெட்டுப்பட்டவனும் பக்கத்தில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"ஏலே, இந்தக் கெண்டை என்னலே குத்தம் செஞ்சுது?"

"தெரியல. ஜாமீன் கெடைக்கலையாம்."

ஒரு நாள் காலை எண்ணிப் பார்த்தேன். ரிஜிஸ்தரில் ஐந்து, தொட்டியில் நான்கு. மறுபடி எண்ணினேன். வாய்தாவுக்கு வந்த வாத்தியார் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இது விரால் குஞ்சு அண்ணாச்சி. பக்கத்துல இருந்ததைத் தின்னுட்டு" என்றார். ஒரு தொண்டி மற்றொரு தொண்டிக்குள் இருக்கிறது என்று ரிஜிஸ்தரில் எழுதினேன். வாக்கியத்தில் பிழையில்லை. ஆனாலும் அதைப் படித்த மாஜிஸ்திரேட் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"ஓய், இனி ஒன்று குறைந்தாலும் நீர்தான் பொறுப்பு. பாசி உள்பட."

பாசி உள்பட என்று அவர் சொன்னது பங்குனி வெயிலில். தொட்டித் தண்ணீர் சுட்டது. பாசி மஞ்சளாகி, அழுகி, நாறத் தொடங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன, வக்கீல்களைப் போல. தொண்டி செத்தால் வழக்குக்கும் கேடு, எனக்கும் கேடு. ஊர்ப் படித்துறையில் பறித்த பாசியைப் போட்டுப் பார்த்தேன், ஒரே நாளில் கரைந்துவிட்டது. வாத்தியாரைக் கேட்டேன்.

"மேலே எடுத்த பாசிதான் நிக்கும் அண்ணாச்சி. மணலையும் மாத்தணும். நாலு கல்லும் வேணும்."

"எங்கன இருந்து?"

அவர் மேற்கே மலையைப் பார்த்தார். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, கோர்ட்டின் தொண்டியைக் காப்பாற்றக் கோர்ட்டின் குமாஸ்தாவும், அதே வழக்கில் ஜாமீனில் இருப்பவரும் ஒரே வண்டியில், அதே இடத்துக்குப் போனோம். வாத்தியாரை ஆற்றில் இறங்கவேண்டாம் என்று கரையில் நிறுத்திவிட்டேன். அவர் விரலை நீட்டிக் காட்ட, நான் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு கல்லில் கால் வைத்தேன். அது என்னை ஏற்கவில்லை. தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே பாசியைப் பறித்துக் கூடையில் போட்டேன். நிமிர்ந்தால் எதிரே சுடலை.

"யாரு, கோர்ட்டு அண்ணாச்சியா? என்ன இங்கன?"

"தொண்டிக்குப் பாசி வேணும்லா சுடலை."

"கோர்ட்டுக் காரியமா? அப்பம் சரி. வழுக்கும், பைய ஏறுங்க." கையைக் கொடுத்து என்னைக் கரையேற்றிவிட்டு அவர் திரும்பினார். "வாத்தியாரே, நீரு இங்கன வாரும். ஒமக்கு இது ரெண்டாந்தரம்."

இரண்டாம் முறை என்று எழுதிவிட்டால் முதல் வழக்கும் தானாகவே நிரூபணமாகிவிடும். வாத்தியாரிடம் பார்ப்பதற்கு என்ற பதிலைத் தவிர வேறு பதிலும் கிடையாது. ஆனாலும் அவர் என்னிடம், "நீங்க போங்க அண்ணாச்சி. கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார்.

தம்பிகளே, அந்த நேரத்தில் என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'அப்ப நான் வாரேன் சுடலை' என்பது அது. அருமையான வாக்கியம். என் உத்தியோகத்தில் பாதியை அதை வைத்தே ஓட்டியிருக்கிறேன். ஆனால் ஈர வேட்டி காலில் ஒட்டிக்கொண்டிருந்தது, கூடை கையில் கனத்தது. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருக்குச் சம்மன் அனுப்பிச் சாட்சிக்கு அழைக்க முடியாதே.

"சுடலை, கூடை யார் கையில இருக்கு?"

"ஒங்க கையில."

"பாசி பறிச்சது யாரு?"

"நீங்கதான். வழுக்கி உக்காந்ததையும் பாத்தேன்."

"அப்பம் என் பேரை முதல்ல எழுது. அவர் பேரைப் பொறவு எழுது. இல்லேன்னா ரெண்டு பேரையும் விடு."

"வெளாடாதீய அண்ணாச்சி."

"வெளாடல வே."

கோர்ட் குமாஸ்தாவின் பெயரை எழுதத் துணியமாட்டார், இருவரையும் விட்டுவிடுவார் என்பது என் கணக்கு. சுடலை காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து யோசித்தார். பிறகு, "நீங்க சொல்லுததும் நியாயந்தான். எழுதி ஐயா மேஜையிலயே வச்சிருதேன்" என்றார். நேர்மையான ஆளிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள். ஒப்புக்கொண்டுவிடுவான்.

திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் என்னைத் தம் அறைக்குள் கூப்பிட்டார். மேஜைமேல் சுடலையின் மகஜர். பக்கத்தில் என் கூடை.

"முதல் எதிரி, இந்தக் கோர்ட்டின் குமாஸ்தா! என்ன ஓய் இது?" கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். யாருக்கு எதிரி என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. "யாருக்காகப் பறித்தீர்?"

"தங்கள் கோர்ட்டுக்காக."

"நான் பறிக்கச் சொன்னேனா?"

"பாசி உள்பட என்றீர்கள்."

அவர் மேஜைத் தாள்களை நேராக அடுக்கினார். ஏற்கனவே நேராகத்தான் இருந்தன. "அப்படியானால் மூன்றாவது எதிரி நான்தான் போலிருக்கிறது." கூடையை ஓரமாகத் தள்ளி வைத்தார். "இதை நான் விசாரிக்க முடியாது. வேறு கோர்ட்டுக்கு அனுப்பினால் கலெக்டர்வரை போகும். நாளைக்கே அந்த இடத்தை நேரில் பார்க்கிறேன். குற்றம் என்றால் உமக்கும் குற்றம், வாத்தியாருக்கும் குற்றம். உம்முடைய வேலையைப் பற்றி நீரும் யோசித்துக்கொள்ளும்."

இரவெல்லாம் யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை என்பது விடிந்தபின் தெரிந்தது.

மறுநாள் ஆற்றங்கரையில் மாஜிஸ்திரேட், அவருடைய டவாலிச் சேவகன், சுடலை, வாத்தியார், நான். காட்டின் எல்லைக்கல் மேட்டில் நின்றது. கீழே கோடையில் சுருங்கின ஆறு. தை மாதம் முழங்கால் தண்ணீர் ஓடின இடம் இப்போது காய்ந்த கல்லாய்க் கிடந்தது.

"இது காடா, ஆறா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"மழைக்கு ஆறு, வெயிலுக்குக் காடு ஐயா" என்றார் சுடலை.

அப்போது ஒரு பெண் தலையில் மணல் கூடையோடு எங்களைத் தாண்டிப் போனாள். மொட்டையடித்த ஒருவர் ஈரத்துணியோடு ஒரு கல்லைக் கையில் ஏந்திப் போனார். சற்றுத் தள்ளி ஒரு மாட்டு வண்டியில் இரண்டு பேர் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் சுடலையைப் பார்த்துச் சிரித்தார். சுடலையும் சிரித்துவிட்டுப் பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இவர்களுக்கெல்லாம் அனுமதி உண்டா?"

"இல்ல ஐயா. அது கொல்லைச் சுவருக்கு. அந்தா போறது கருமாதிக்கு. எல்லாம் தேவைக்கு எடுக்கது."

"தேவைக்கு எடுக்கலாம் என்று எந்த விதியில் இருக்கிறது?"

"விதியில இல்ல ஐயா. ஆனா அதுக்கு வழக்கு எழுதினா நான் ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது."

"வாத்தியார்மேல் எழுதினால்?"

சுடலை கொஞ்சம் வெட்கப்பட்டார். "அவரு பாளையங்கோட்டைல்லா."

மாஜிஸ்திரேட் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். அவர் வளர்ந்தது வண்டல் நாடு. அங்கே ஆறு என்றால் அடி தெரியாத கலங்கல். கணுக்காலுக்குக் கீழே ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிவதை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். வெகுநேரம் குனிந்தே நின்றார். பிறகு ஒன்றை எடுத்தார். கருத்த கல். நடுவில் நூல் சுற்றினதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. வெயிலில் திருப்பிப் பார்த்தார். தம் கோட்டுத் துணியில் துடைத்தார். மறுபடி நனைத்துப் பார்த்தார். கரையேறி, செருப்பு மாட்டி, வண்டிவரை வந்துவிட்டார். கல் கையிலேயே இருந்தது.

சுடலை பின்னாலேயே வந்தார். குத்திக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை என்பதை நான் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் பண்ணுவேன். தினம் பத்துப் பேரிடம் கேட்டுப் பழகின வாய். கைகட்டிக்கொண்டு கேட்டார்.

"ஐயா, அந்தக் கல்லு எதுக்கு?"

டவாலி சட்டென்று மாட்டின் கொம்பை ஆராயத் தொடங்கினான். மாஜிஸ்திரேட் தம் கையைப் பார்த்தார். அந்தக் கையை அதற்குமுன் அவர் பார்த்ததே இல்லை போலிருந்தது.

எஜமானுக்குச் சொல் கிடைக்காதபோது எடுத்துக்கொடுப்பதுதான் குமாஸ்தாவின் பிழைப்பு. என்னிடம் ஒன்றுக்கு மூன்றாகப் பதில் இருந்தது. பூஜைக்கு எனலாம். சந்தனம் அரைக்க எனலாம். எல்லாவற்றையும்விடப் பொருத்தமாக, தொண்டிக்கு எனலாம். சொல்லியிருந்தால் அவர் மானம் பிழைக்கும், அவர் தயவில் என் வேலை பிழைக்கும். வாயைத் திறந்தும்விட்டேன். வண்டிச் சக்கரத்துக்கு அப்பால் வாத்தியார் நின்றார். அவருடைய ஓலை வாசிக்கப்படுமா என்பது அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். என் முழு சர்வீஸில் நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய காரியம் அது ஒன்றுதான். ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

"சும்மா" என்றார் மாஜிஸ்திரேட். பிறகு தாழ்ந்த குரலில், "பார்க்கத்தான்."

சுடலை தலையை ஆட்டினார். "வாத்தியாரும் அதத்தான் சொன்னாரு ஐயா."

மாஜிஸ்திரேட் கல்லைக் கீழே போடவில்லை. போட்டிருந்தால் அவர்மேல் எனக்கு மரியாதை குறைந்திருக்கும்.

தீர்ப்பு அந்த வாரமே வந்தது. ஆறு எங்கே முடிந்து காடு எங்கே தொடங்குகிறது என்று நிரூபிக்கப்படாததால், பொருள்கள் ரிசர்வ் காட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது சந்தேகத்துக்கு இடமாகிறது, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் ஒரு தீர்ப்பின் உண்மையான காரணம் தீர்ப்புக்குள் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அது தீர்ப்பின் மேலே பாரமாக இருந்தது, தாள் பறக்காமல், நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டோடு. எனக்கு எதிரான மகஜர் அதற்கு அடியில் கொஞ்ச நாள் கிடந்து, பிறகு எங்கே போயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

தொட்டி பாளையங்கோட்டைக்குத் திரும்பியது. விரால் ஒன்றுதான் மிச்சம், நன்றாகக் கொழுத்திருந்தது. சாத்தான்குளத்தில் ஓலை மறுபடி வாசிக்கப்பட்டது. கல்யாணத்துக்கு நானும் போனேன், சுடலையும் வந்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பவும் சொல்லுதேன் அண்ணாச்சி, அனுமதி இல்லாம எடுத்தது தப்புத்தான்" என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. இன்றைக்கும் சரி. ஆளுக்கொரு சாக்கு வீதம் எல்லாரும் ஆற்றைப் பார்க்க எடுத்துப்போனால், பார்க்க ஆறு இருக்காது. கல் ஏற்றின அந்த மாட்டு வண்டிக்கு அது பொருந்தாதா என்று கேட்டேன். பாயசம் வந்துவிட்டது.

பின்னொரு வருஷம் மாஜிஸ்திரேட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மேஜையைக் காலி செய்தபோது அந்தக் கல்லை என் கையில் கொடுத்தார். "ஓய், இதை எடுத்த இடத்திலேயே போட்டுவிடும்." ஒரு நாள் நடந்தே போனேன். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கையை ஓங்கினேன்.

"அண்ணாச்சி, என்னத்தப் போடுதீய?"

"நம்ம ஐயா எடுத்த கல்லு சுடலை. திரும்பப் போடச் சொன்னாக."

அவர் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காட்டுக்குள்ள வெளிச் சாமான் கொண்டாந்து போடப்படாதுல்லா."

"இது இங்கன இருந்து போன கல்லுதானே வே!"

"எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும். ஆனா இங்கன எடுத்ததுன்னு சொல்ல முடியாதுன்னு ஐயாவே தீர்ப்பு எழுதிட்டாகளே."

கல்லை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, வழுக்கும், பைய ஏறுங்க என்றார்.

எடுக்கவும் கூடாத, போடவும் கூடாத அந்தக் கல் இப்போது என் வீட்டு மேஜையில் இருக்கிறது. தம்பிகள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். பார்க்க மட்டும்.